ஒரே எண்ணில் மூன்று பேருந்து ஏன் சேர்ந்து வருகிறது?

கேள்வி இது: "மாலை ஆறு மணிக்கு நிறுத்தத்தில் நாற்பது நிமிடம் நிற்கிறோம், ஒரு பேருந்தும் வருவதில்லை. பிறகு ஒரே எண் போட்ட மூன்று ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. டிப்போவிலிருந்தே சேர்த்து அனுப்புகிறார்களா? பேருந்துகளைக் கூட்டினால் சரியாகுமா? மெட்ரோ இரண்டாம் கட்டம் முடிந்தால் இந்தத் தொல்லை தீருமா?" கேட்டவர் சென்னைக்காரர் என்பதால் சென்னையை வைத்தே சொல்கிறேன்.

யாரும் சேர்த்து அனுப்புவதில்லை. பத்து நிமிடத்துக்கு ஒன்றாகக் கிளப்பிவிட்டாலும் வழியில் அவை தாமாகவே சேர்ந்துவிடும். 1964இல் நியூவெல், பாட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைக் கணக்காகவே போட்டுக் காட்டிவிட்டார்கள். அந்தக் கணக்கு எளிது, போட்டுப் பாருங்கள்.

ஒரு தடத்தில் 10 நிமிடத்துக்கு ஒரு பேருந்து. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் நிமிடத்துக்கு ஒருவர் வந்து சேர்கிறார். ஒருவர் ஏற 3 நொடி. அப்படியென்றால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் 10 பேர் காத்திருப்பார்கள், பேருந்து 30 நொடி நிற்கும். எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. இப்போது முதல் பேருந்து ஏதோ ஒரு சிக்னலில் மாட்டி 3 நிமிடம் தாமதமாகிறது. அடுத்த நிறுத்தத்தில் அதற்காக 13 பேர் நிற்கிறார்கள், 39 நொடி ஆகிறது. தாமதத்தில் இன்னும் 9 நொடி கூடிவிட்டது. அதற்கு அடுத்த நிறுத்தத்தில் இன்னும் கொஞ்சம் அதிகக் கூட்டம், இன்னும் கொஞ்சம் தாமதம். பின்னால் வரும் பேருந்துக்கோ இடைவெளி 7 நிமிடம்தான். 7 பேர், 21 நொடி. அது ஒவ்வொரு நிறுத்தத்திலும் நேரத்தை மிச்சம் பிடித்துக்கொண்டே வருகிறது. கூட்டிக் கழித்தால், பதினான்காவது நிறுத்தத்தில் முன்னது சுமார் 6 நிமிடம் பிந்தியிருக்கும், பின்னது சுமார் 4 நிமிடம் முந்தியிருக்கும். 10 நிமிட இடைவெளி காலி. இரண்டும் ஒட்டிக்கொண்டன. இதில் ஓட்டுநர் யாரும் தப்பு செய்யவில்லை, டீக்கடைக்கும் போகவில்லை.

மேலே போட்டது நல்லபடியான கணக்கு. நிஜத்தில் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் கூட்டம் கூடக் கூட ஒருவர் ஏற எடுக்கும் நேரமும் கூடும். மாலை நேரத்தில் ஒரு நிறுத்தத்தைக் கொஞ்ச நேரம் நின்று கவனியுங்கள். பேருந்து நிற்க வேண்டிய இடத்தில் இரண்டு ஆட்டோவும் ஒரு தள்ளுவண்டியும். அதனால் பேருந்து இரண்டாவது தடத்திலேயே குறுக்காக நிற்கிறது. அது எங்கே நிற்கும் என்று தெரியாததால் நிழற்குடையில் யாரும் உட்காருவதில்லை, எல்லோரும் சாலைக்கு இறங்கி முப்பது அடி முன்னும் பின்னும் ஓடுகிறார்கள். படியில் நிற்பவர்கள் கீழே இறங்கி வழிவிட்டு, உள்ளிருந்து நாலு பேர் பிதுங்கி இறங்கி, பிறகு ஏற வேண்டியவர்கள் ஏறி, கடைசியில் படிக்காரர்கள் மீண்டும் தொற்றிக்கொள்கிறார்கள். காலியான பேருந்தில் 3 நொடியில் முடிவது இங்கே 5, 6 நொடி ஆகிறது. உள்ளே நடத்துநர் பின்வாசல் பக்கத்து இருக்கையில் இருக்க, நடுவில் நிற்பவரின் இருபது ரூபாய் நாலு கை மாறிப் போய், டிக்கெட்டும் மீதிச் சில்லறையும் அதே நாலு கை வழியாகத் திரும்ப வர வேண்டும். ஸ்டேஜ் (கட்டணம் மாறும் இடம்) முடிவதற்குள் எல்லோருக்கும் டிக்கெட் போட்டாக வேண்டும் என்று சில இடங்களில் பேருந்தையே ஓரம் கட்டுவதும் உண்டு. தாமதமான பேருந்தில்தான் கூட்டம், கூட்டமான பேருந்துதான் மேலும் தாமதம். இந்தச் சுழலைக் குறுக்கே புகுந்து யாராவது வெட்டாவிட்டால் கடைசி நிறுத்தம் வரை அது சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.

இதனால் பயணிக்கு எவ்வளவு நஷ்டம்? ஒரு மணி நேரத்துக்கு 4 பேருந்து, சரியாக 15 நிமிட இடைவெளி என்றால் சராசரிக் காத்திருப்பு ஏழரை நிமிடம். அதே 4 பேருந்து 40, 2, 3, 15 நிமிட இடைவெளிகளில் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் அதே 60 நிமிடம்தான். ஆனால் நிறுத்தத்துக்கு வருகிறவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் அந்த 40 நிமிட ஓட்டைக்குள்தான் வந்து விழுவார்கள். கணக்கு போடும் முறை: ஒவ்வோர் இடைவெளியையும் அதனாலேயே பெருக்கிக் கூட்டுங்கள் (1600 + 4 + 9 + 225 = 1838), மொத்த நேரத்தின் இரு மடங்கால் வகுங்கள் (120). சராசரிக் காத்திருப்பு 15 நிமிடத்துக்குச் சற்று மேல். டீசல் அதே அளவு, ஓட்டுநர்கள் அதே எண்ணிக்கை, செலவும் அதே. கிடைத்த சேவையோ மணிக்கு 2 பேருந்து விட்டதற்குச் சமம். அந்த இரண்டாவது, மூன்றாவது பேருந்துகள் காலியாக ஓடுவதைப் பார்த்துவிட்டு, 'இந்தத் தடத்தில் கூட்டம் இல்லை' என்று சேவையைக் குறைப்பது அடுத்த கட்ட அபத்தம். வசூல் கணக்கை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும்.

சரி, பேருந்துகளைக் கூட்டினால்? சென்னைக்குப் பேருந்து போதாது என்பதில் சந்தேகமே இல்லை. சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகமான எம்டிசியிடம் இருப்பது மூவாயிரத்துச் சொச்சம், பெங்களூருவின் பிஎம்டிசியிடம் ஆறாயிரத்துக்கு மேல். ஆனால் கட்டுப்பாடு இல்லாமல் எண்ணிக்கையை மட்டும் கூட்டினால் என்ன ஆகும் என்பதற்கும் மேலே உள்ள கணக்கே பதில் சொல்கிறது. இடைவெளியை 10 நிமிடத்திலிருந்து 5 ஆக்குங்கள். அதே 3 நிமிடத் தாமதம் வந்தால், பின்னால் வருவது எட்டிப் பிடிக்க வேண்டிய தூரம் பாதிதான். பதினான்காவது நிறுத்தம் வரை போக வேண்டியதில்லை, ஆறாவது நிறுத்தத்திலேயே ஒட்டிக்கொள்ளும். காத்திருப்பு குறையும், ஆனால் கொடுத்த காசுக்குக் குறையாது.

வேகம் என்னவாகும் என்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. 20 கிலோமீட்டர் தடம், உச்ச நேரத்தில் மணிக்கு 15 கி.மீ. வேகம். போக 80 நிமிடம், வர 80, இரு முனையிலும் பத்துப் பத்து நிமிட ஓய்வு. மொத்தச் சுற்று 180 நிமிடம். 10 நிமிடத்துக்கு ஒன்று வேண்டுமென்றால் 18 பேருந்து தேவை. வேகம் 12 கி.மீ. ஆகக் குறைந்தால் சுற்று 220 நிமிடம், தேவை 22. புதிதாக 4 வராவிட்டால் அதே 18ஐ வைத்துக்கொண்டு இடைவெளி 12 நிமிடத்துக்கு மேல் நீளும். மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்த சாலைகளில் நடப்பது இதுதான். யாரும் பேருந்தைக் குறைக்கவில்லை, சாலைதான் சேவையைத் தின்கிறது. மறுபக்கம், வேகத்தை 18 கி.மீ. ஆக்கினால் 16 பேருந்து போதும், இரண்டு மிச்சம். சாலையில் ஒரு வரிசையைப் பேருந்துக்கென்றே ஒதுக்குவதும், நிறுத்தத்தை சிக்னலுக்கு முன்னாலிருந்து சிக்னலைத் தாண்டிய இடத்துக்கு மாற்றுவதும், நிறுத்தத்தில் நிற்கும் ஆட்டோவை எடுக்கச் சொல்வதும் பேருந்து வாங்குவதற்குச் சமம். ஒரு பேருந்துக்கு ஓட்டுநர், நடத்துநர் என்று இரண்டு ஷிஃப்ட்டுக்கும் ஆள் போட வேண்டும் என்பதை நினைத்தால், பல நேரம் அதைவிட மலிவும்கூட.

சிக்னலுக்கு முன் நிறுத்தம் வைப்பதில் என்ன தப்பு என்று கேட்கலாம். பச்சை விழும்போது பேருந்து ஆள் ஏற்றிக்கொண்டிருக்கும், ஏற்றி முடிக்கும்போது சிவப்பு விழும். ஒரு சுற்று போச்சு. சென்னையில் பெரிய சந்திப்புகளில் ஒரு சுற்று இரண்டு நிமிடத்துக்குக் குறையாது. தாண்டி வைத்தால் நிற்பது ஒரு முறைதான். ஆனால் தாண்டியதும் இரண்டு பேருந்தாவது ஒன்றன்பின் ஒன்றாக நிற்க இடம் வேண்டும். இல்லையென்றால் இரண்டாவது பேருந்தின் வால் சந்திப்புக்குள்ளேயே நின்று எல்லோருடைய வழியையும் அடைக்கும். அப்படி வைத்துவிட்டு, 'பழைய இடமே தேவலை' என்று திரும்ப மாற்றுவதும் நடக்கிறது.

ஒட்டிக்கொள்வதைத் தடுக்க என்ன செய்வது? என் கணிப்பில் முதலில் சரி செய்ய வேண்டிய இடம் முனையம். 80 நிமிட ஓட்டத்துக்கு 3 நிமிட ஓய்வு என்று அட்டவணை போட்டால், ஒரு நடையின் தாமதம் அப்படியே அடுத்த நடைக்குப் போகும். ஓடும் நேரத்தில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் ஓய்வு இருந்தால் பெரும்பாலான தாமதம் அங்கேயே கரைந்துவிடும். காகிதத்தில் இது 'சும்மா நிற்கும் பேருந்து' மாதிரி தெரியும். அதனால் செலவைக் குறைக்கச் சொன்னால் முதலில் வெட்டுப்படுவது இதுதான். இரண்டாவது, முனையத்தில் பேருந்துகளைக் கிளப்பிவிடும் டைம் கீப்பர் அட்டவணை நேரத்தைப் பார்த்து அனுப்பாமல், முன்னால் போனது எப்போது போனது என்று பார்த்து அனுப்ப வேண்டும். 6.10 பேருந்து 6.18க்குத்தான் கிளம்பியிருக்கிறது என்றால் 6.20 பேருந்தை 6.20க்கே அனுப்புவது ஒழுங்கு அல்ல, இரண்டையும் ஒட்டவைத்து அனுப்புவது. அதை 6.24க்கு அனுப்பி, அடுத்ததை 6.32க்கு அனுப்பினால் பயணிக்கு நல்லது. பத்து நிமிடத்துக்கு ஒன்று வரும் தடத்தில் யாரும் மணி பார்த்து நிறுத்தத்துக்கு வருவதில்லை. அட்டவணையைக் காப்பாற்றுவதைவிட இடைவெளியைக் காப்பாற்றுவதுதான் அங்கே முக்கியம்.

நடுவழியில் பேருந்தைப் பிடித்து வைப்பதும் ஒரு வழி, ஆனால் எச்சரிக்கை வேண்டும். உள்ளே ஆள் குறைவாகவும், அடுத்து ஏறப்போகிறவர்கள் அதிகமாகவும் உள்ள இடத்தில்தான் வைக்க வேண்டும். ஒன்றிரண்டு நிமிடத்துக்கு மேல் வைத்தால் உள்ளே இருப்பவர்கள் சும்மா விடமாட்டார்கள், அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது. நிரம்பிய பேருந்தைப் பிடித்து வைப்பதில் அர்த்தமே இல்லை. நம் ஊரில் தெரிந்த இன்னொரு வழி கட் சர்வீஸ்: ஒட்டிக்கொண்ட இரண்டில் பின்னதைப் பாதி வழியில் திருப்பி, எதிர்த்திசையில் உள்ள ஓட்டையை அடைப்பது. உள்ளே இருப்பவர்கள் முன்னால் நிற்கும் அதே எண் பேருந்துக்கு உடனே மாற முடிந்தால் மட்டும் இது சரி. முன்னது போன பிறகு 'கட், எல்லாரும் இறங்குங்க' என்றால் அது அநியாயம்.

வசூலுக்கு ஏற்ப நடத்துநருக்குக் கிடைக்கும் படிப்பணம், ஓட்டுநரின் அவசரம் இவற்றுக்கும் இதில் பங்கு உண்டு, மறுக்கவில்லை. முன்னால் போகிறவருக்குக் கூட்டம், கூட்டத்துக்கு வசூல் என்றிருந்தால் முன்னால் போகவே மனம் போகும். தனியார் ஓட்டும் மின்பேருந்துகளுக்குக் கிலோமீட்டர் கணக்கில் பணம் கொடுக்கும் ஒப்பந்தத்தில் இந்தப் போட்டி இல்லை. ஆனால் அதற்குப் பதிலாக வேறொன்று வரும்: மூன்றும் ஒட்டிக்கொண்டு ஓடினாலும் கிலோமீட்டர் கிலோமீட்டர்தான், பணம் வந்துவிடும். லண்டனிலும் சிங்கப்பூரிலும் இதற்காகவே 'அதிகப்படிக் காத்திருப்பு' என்று ஒன்றை அளக்கிறார்கள். அட்டவணைப்படி பயணி சராசரியாக எவ்வளவு காத்திருக்க வேண்டும், உண்மையில் எவ்வளவு காத்திருந்தார், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். அது குறைந்தால் ஊக்கத்தொகை, கூடினால் பிடித்தம். மேலே 7.5, 15 என்று போட்டோமே, அதே கணக்குதான். பேருந்தில் ஜிபிஎஸ் இருந்தால் தினமும் தானாகவே கணக்கிடலாம்.

இனி மெட்ரோ. சென்னையில் கோயம்பேடு – ஆலந்தூர் இடையே 2015 ஜூன் 29 அன்று முதல் ரயில் ஓடியது. 2021இல் விம்கோ நகர் வரை நீட்டியதோடு 54 கி.மீ. ஆனது. இரண்டாம் கட்டம் மூன்று வழித்தடங்கள், சுமார் 119 கி.மீ., திட்டச் செலவு 63,246 கோடி ரூபாய். மத்திய அமைச்சரவை ஒப்புதல் 2024 அக்டோபரில் கிடைத்தது. மெட்ரோ ஏன் ஒட்டிக்கொள்வதில்லை? பாதை அதற்கே சொந்தம், நாலு பெட்டிக்கும் எல்லா வாசலும் ஒரே நேரத்தில் திறக்கின்றன, டிக்கெட் வெளியிலேயே முடிந்துவிடுகிறது, ஒவ்வொரு ரயிலும் எங்கே இருக்கிறது என்று கட்டுப்பாட்டு அறைக்குத் தெரியும். இந்த நாலில் கடைசி மூன்றைப் பேருந்துக்கும் கொண்டுவரலாம், அதற்கு ஆயிரம் கோடிகள் வேண்டாம். அகலமான இரண்டு வாசல், தாழ்தளம், ஏறும் முன்பே டிக்கெட் அல்லது தட்டிவிட்டு ஏறும் கார்டு, ஜிபிஎஸ் பார்த்து அனுப்பும் ஆள்.

ஆனால் மெட்ரோ வந்தால் பேருந்துப் பிரச்சினை போய்விடும் என்பது வீட்டு வாசலிலிருந்து கணக்கு போடாததால் வரும் நம்பிக்கை. 12 கி.மீ. மெட்ரோவில் 22, 23 நிமிடம். சுரங்க நிலையத்தில் தெருவிலிருந்து நடைமேடைக்கு இறங்க 4 நிமிடம், ரயிலுக்கு 4 நிமிடம், மறுமுனையில் ஏற 4 நிமிடம். இதுவரை 35. இறங்கிய பிறகு இன்னும் 3 கி.மீ. போக வேண்டும், அந்தச் சிற்றுந்து 20 நிமிடத்துக்கு ஒன்று, அதுவும் நிச்சயமில்லை. இன்னொரு 25, 30 நிமிடம் சேர்ந்துவிடும். நின்று காத்திருக்கும் ஒரு நிமிடம் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் இரண்டு நிமிடத்துக்குச் சமம் என்பது போக்குவரத்துத் திட்டமிடுவோர் வழக்கமாக வைக்கும் மதிப்பு. அப்படிப் பார்த்தால் பைக் ஜெயித்துவிடும், ஜெயித்துக்கொண்டும் இருக்கிறது.

இதற்குச் சென்னையிலேயே பழைய உதாரணம் இருக்கிறது. பறக்கும் ரயில் 1995இல் கடற்கரை – சேப்பாக்கம் இடையே தொடங்கியது, 2007இல் வேளச்சேரிக்கு வந்தது. கோட்டை மாதிரி நிலையங்கள், மேலே மாடி மாடியாகக் காலியிடம். ஆனால் பாதை பெரும்பாலும் கால்வாயை ஒட்டிப் போகிறது, கூட்டம் இருக்கும் கடைத்தெருவும் பேருந்து நிறுத்தமும் வேறு பக்கம். வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு 5 கி.மீ. இணைப்பு வேலை 2008இல் தொடங்கியது. அரைக் கிலோமீட்டர் நில எடுப்புத் தகராறில் பத்து ஆண்டுக்கும் மேல் நின்றது. அந்த அரைக் கிலோமீட்டர் இல்லாததால் மெட்ரோ, தாம்பரம் ரயில், பறக்கும் ரயில் மூன்றும் சந்திக்க வேண்டிய இடத்தில் அத்தனை வருடமும் இரண்டுதான் சந்தித்தன. வெளியூர்ப் பேருந்துகளுக்கான கிளாம்பாக்கம் முனையமும் அப்படியே. 88 ஏக்கரில் முனையத்தை 2023 டிசம்பர் 30 அன்று திறந்தார்கள். எதிரிலேயே புறநகர் ரயில் பாதை ஓடுகிறது, ஆனால் திறந்த அன்று அங்கே ரயில் நிலையம் இல்லை. தென்மாவட்டத்திலிருந்து விடிகாலை நாலு மணிக்கு மூட்டை முடிச்சோடு இறங்கியவர்கள் ஆட்டோக்காரரிடம்தான் மாட்டினார்கள். முனையத்தைத் தள்ளி வைத்ததில் தப்பில்லை, வரிசை மாறியதுதான் தப்பு.

நகரம் வளரும் விதமும் பேருந்தைத் தோற்கடிக்கும். ஓஎம்ஆரை, அதாவது பழைய மகாபலிபுரம் சாலையைப் பாருங்கள். டைடல் பார்க் என்ற ஐடி வளாகம் 2000இல் வந்தது, பிறகு சிறுசேரி வரை அலுவலகங்களும் அடுக்குமாடிகளும் நிரம்பின. ரயில் பாதைக்கு இப்போதுதான் தூண் நிற்கிறது. கிழக்கே பக்கிங்காம் கால்வாய், அதைத் தாண்ட விரல்விட்டு எண்ணும் பாலங்கள். நிறுத்தத்திலிருந்து 500 மீட்டர் சுற்றளவு என்று வரைபடத்தில் வட்டம் போட்டால் சுமார் 78 ஹெக்டேர் வருகிறது, அழகாக இருக்கும். ஆனால் அடுக்குமாடி வளாகத்துக்கு ஒரே கேட், சுற்றி மதில், பக்கத்து வளாகத்துக்குள் போக வழியில்லை என்றால் 500 மீட்டர் நடந்து உண்மையில் எட்டக்கூடிய இடம் அதில் பாதியும் தேறாது. மெட்ரோ நிலையத்தைச் சுற்றிக் கூடுதல் மாடி கட்ட அனுமதி கொடுக்கிறோம் என்கிறார்கள். நல்லதுதான், ஆனால் அனுமதி கேட்கும்போதே பின்பக்கம் ஒரு நடைவழி விட வேண்டும் என்று நிபந்தனை போடாவிட்டால் அந்தக் கூடுதல் மாடியின் கார்கள் மட்டும்தான் சாலைக்கு வரும். கட்டி முடித்த பிறகு மதிலில் ஓட்டை போட எந்த குடியிருப்போர் சங்கமும் சம்மதிக்காது.

கட்டணம் பற்றி ஒரு வார்த்தை. 2025 செப்டம்பரில் வந்த 'சென்னை ஒன்' செயலியில் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் டிக்கெட் எடுக்கலாம். வசதிதான். ஆனால் ஒரே இடத்தில் டிக்கெட் எடுப்பது வேறு, வண்டி மாறும்போது மறுபடியும் குறைந்தபட்சக் கட்டணம் விழாமல் இருப்பது வேறு. சிங்கப்பூரில் 2010 முதல் மொத்தத் தூரத்துக்குத்தான் கட்டணம், நடுவில் பேருந்திலிருந்து ரயிலுக்கு மாறினாலும் தண்டம் இல்லை. மாறுவதற்குத் தண்டம் இருக்கும் ஊரில் மக்கள் நேரடிப் பேருந்துதான் கேட்பார்கள். நேரடிப் பேருந்து என்றால் 25, 30 கி.மீ. நீளத் தடம். தடம் நீள நீள ஒட்டிக்கொள்வதும் கூடும். நீளத் தடத்தை இரண்டாக வெட்டினால் ஒழுங்கு வரும், ஆனால் கட்டணத்தைச் சரி செய்யாமல் வெட்டினால் பயணிக்கு இரட்டைச் செலவு. சென்னையில் இவற்றைச் சேர்த்துப் பார்க்கவே கும்டா (சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம்) என்ற அமைப்பு இருக்கிறது. அதற்கான சட்டம் 2010இலேயே வந்துவிட்டது, உண்மையில் வேலையைத் தொடங்க இன்னும் பத்தாண்டுக்கு மேல் ஆனது.

உங்கள் தடத்தில் நிலைமை எப்படி என்று நீங்களே அளக்கலாம். மாலை 5.30 முதல் 7.30 வரை ஒரே நிறுத்தத்தில், உங்கள் எண் பேருந்து வரும் நேரத்தை மட்டும் நிமிடக் கணக்கில் எழுதுங்கள். நிற்காமல் போனால் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. ஒவ்வோர் இடைவெளியையும் அதனாலேயே பெருக்கிக் கூட்டி, மேலே சொன்னபடி வகுத்துச் சராசரிக் காத்திருப்பைப் பிடியுங்கள். அது சமமான இடைவெளிக்கு வர வேண்டியதைவிட (சராசரி இடைவெளியில் பாதியைவிட) ஒன்றரை மடங்குக்கு மேல் இருந்தால், அந்தத் தடத்துக்கு முதல் தேவை புதுப் பேருந்து அல்ல, முனையத்தில் ஓய்வு நேரமும் ஒழுங்காக அனுப்பும் ஆளும். ஒன்றரைக்குள் இருந்தும் படியில் தொங்குகிறார்கள் என்றால் உண்மையிலேயே பேருந்து போதவில்லை, அப்போது எண்ணிக்கையைக் கேளுங்கள். மூன்று வேலை நாள் அளந்தால் போதும். திங்கட்கிழமையும் மழை நாளும் வேண்டாம், அன்றைய கணக்கை யாரும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள்.